மொட்டைமாடியில் செத்த நெல்

1999 செப்டம்பர் 27, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி.

ஜாதவ்பூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மொட்டைமாடிக்கு, மண்குவளையில் டீயை ஊதிக் குடித்தபடி ஏறிய டெக்னீஷியன் நிமாய், கடைசித் தொட்டியைப் பார்த்ததும் குவளையை நழுவவிட்டான். போன வாரம் சற்றே வெளிறியிருந்த நெல் இப்போது நுனி முதல் அடி வரை கருகி, வைக்கோலாகச் சாய்ந்து கிடந்தது. மற்ற ஐந்து தொட்டிகளிலும் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. செத்த தொட்டியின் முன்னால் செருகியிருந்த அட்டையில் 'பிரியம்வதா' என்று பெயர் எழுதியிருந்தது.

ஆள் செத்தால் போலீஸ் வரும். நெல் செத்தால் டைரக்டர் வருவார். மஹாதேவன் மூட்டுவலியை மறந்து மாடியேறி வந்து, தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது.

"உப்பு," என்றார். "யாரோ உப்பைக் கொட்டியிருக்கா."

மாடிக் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று அந்த நெல்லை வளர்த்த விஞ்ஞானி பிரியம்வதாவிடம். அவள் வியாழக்கிழமையே கருத்தரங்குக்காகக் கட்டாக் போய், திங்கட்கிழமை காலை ரயிலில்தான் திரும்பியிருந்தாள். இன்னொன்று அவளோடு வேலை செய்யும் ஷ்யாமிடம்; காலையில் நிமாய் அதை வாங்கித்தான் கதவைத் திறந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம் தன்னந்தனியாக மாடிக்குப் போய்வந்ததை வாசல் காவலாளி பார்த்திருந்தான்.

மஹாதேவன் ஷ்யாமைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தே?"

"பயிர் வெளிறியிருக்கு, கொஞ்சம் பாருங்கோன்னு பிரியம்வதா கட்டாக்லேர்ந்து போன் பண்ணினா, சார். பார்த்தேன். உரம் பத்தலைன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"அவ கணக்கு ஜெயிச்சுண்டிருந்தது. உன் கணக்கு தோத்துண்டிருந்தது. இப்ப அவ நெல்லு இல்லை. இதை நான் டெல்லிலேர்ந்து வரவா கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீயா ராஜினாமா கொடு. இல்லேன்னா விசாரணைன்னு போனா ஊரே சிரிக்கும்."

ஷ்யாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவனுக்குச் சாமர்த்தியமாகப் பேச வராது.

விஷயம் இதுதான். ஷ்யாமும் பிரியம்வதாவும் மூன்று வருஷமாக ஒரு நெல்வயலைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில், காற்று, மண்ணின் ஈரம், வேர் உறிஞ்சும் தண்ணீர் எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நாளுக்கு நாள் எப்படி மாறும் என்று கணக்கு எழுதி, நிஜ நெல் கதிர் விடும் முன்பே கம்ப்யூட்டர் விளைச்சலைச் சொல்லவேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாடல். இந்த வருஷம் ஒரே ஒரு இடத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. தண்ணீர் குறையும்போது வேர் என்ன செய்யும் என்பதை ஷ்யாம் ஒரு விதமாக எழுதினான், பிரியம்வதா வேறு விதமாக எழுதினாள். மாடியில் ஆளுக்கொரு தொட்டியில் வளரும் நெல்லே தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். துர்கா பூஜைக்கு முன் டெல்லியிலிருந்து நிபுணர் குழு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஷ்யாமின் மனைவி ராஜலக்ஷ்மி கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கஸ்டம்ஸில் அதிகாரி. கிதிர்பூர் துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, பொய் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே மாதச் சம்பளம் வாங்குகிறவள். அன்று சாயங்காலம் கணவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவளுக்கு முதலில் வந்தது கவலை இல்லை. செத்தது பிரியம்வதாவின் நெல் என்று கேட்டதும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி ஓடியது. அடுத்த நிமிஷமே தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பின்னே என்ன செய்வாள்? மோர்க்குழம்பு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், பிரியம்வதா எழுதிய கணக்கு எவ்வளவு அழகு என்று சாதத்தைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டே இருப்பான். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அதே பாட்டுதான். பத்து நாளைக்கு முன்னால், இயந்திரங்களுக்கு நடக்கும் விஸ்வகர்மா பூஜையன்று ஊழியர் குடும்பங்களெல்லாம் அந்த மாடிக்குப் போயிருந்தபோது, பிரியம்வதா என்று எழுதிய அட்டையைப் பார்த்து, இந்தப் பயிர் பட்டுப்போகட்டும் என்று அவள் மனசார நினைத்துக்கொண்டாள். நினைத்தது நடந்தும் விட்டது.

"ஞாயித்துக்கிழமை லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போறேன்னுதானே சொன்னேள்?" என்று கேட்டாள்.

ஷ்யாம் தலையைக் குனிந்துகொண்டான். "மாடிக்குப் போறேன்னா உனக்குக் கோபம் வரும். அதான்."

"அதான் பையில ரெண்டு வாழைக்காயோட வந்து நின்னேளா?"

ராஜலக்ஷ்மி எழுந்துபோய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே யோசித்தாள். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல இரண்டு வாழைக்காய்க்கு மேல் திறமை கிடையாது. இவனா திட்டம் போட்டு நெல்லைக் கொல்வான்? சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் லீவு. என்னை அந்த மாடிக்குக் கூட்டிண்டு போங்கோ."

செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி.

மாடியில் ஆறு சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. மழை விழாதபடி மேலே பிளாஸ்டிக் கூரை. ஒவ்வொரு தொட்டியின் ஓரத்திலும் மூடி போட்ட நீல டிரம் ஒன்று. மாடிப்படியை ஒட்டிய முதல் தொட்டியின் அட்டையில் 'ஷ்யாம்'. கோடியில் இருந்த கடைசித் தொட்டியில் 'பிரியம்வதா'. நடுவில் இருந்த நாலும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பெயரில்லாத தொட்டிகள். நடப்பதற்காகத் தரை முழுக்கப் பலகை பரப்பியிருந்தது.

ராஜலக்ஷ்மி செத்த தொட்டிக்குப் போகவில்லை. அதன் பக்கத்து டிரம்மின் கீழே இருந்த சின்னக் குழாயைத் திருகி, விரலை நனைத்து நக்கினாள்.

"நல்ல தண்ணி," என்றாள் ஏமாற்றத்தோடு.

"அது இந்தத் தொட்டிக்கு வரதில்லையே," என்றான் ஷ்யாம். "அது என் தொட்டிக்குப் போறது. எந்தத் தொட்டிக்கு எந்தத் தண்ணின்னு சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். இல்லேன்னா நமக்கு வேண்டிய பயிரை நல்ல வெயில்ல வெச்சுண்டுட்டோம்னு பேர் வரும். டிரம்மை நகர்த்த முடியாது. அதனால பலகைக்கு அடியில குழாயை மாத்தி விட்டிருக்கோம். பிரியம்வதா தொட்டிக்குத் தண்ணி வரது, அதோ அந்தக் கோடியில, மாடிப்படிப் பக்கத்து டிரம்லேர்ந்து."

"உங்க தொட்டியை ஒட்டினாப்ல நிக்கறதே, அதுவா?"

"அதேதான். மாசத்துக்கு ஒரு தரம் நிரப்புவோம். வெயில்ல வத்தற அளவுக்குத் தானா சொட்டும். யாரும் மூடியைத் திறக்கவே வேண்டாம். வெளிப் பக்கத்துக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டம் தெரியும்."

ராஜலக்ஷ்மி அந்த டிரம்முக்குப் போனாள். அதன் குழாயையும் திருகி விரலை நனைத்தாள். வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். கடல் தண்ணீர் தோற்றுப்போகும்.

ஷ்யாம் பரபரத்தான். "டிரம்லயா கொட்டியிருக்கான்? இதை நாங்க யாரும் பார்க்கவே இல்லையே!"

"தொட்டி செத்தா எல்லாரும் தொட்டியைத்தான் பார்ப்பா," என்றாள். அவள் கண் டிரம்மின் நெற்றியில் இருந்தது. எல்லா டிரம்மிலும், மூடியும் விளிம்பும் சேரும் இடத்தில் ஏதோ ஒரு குறி இருந்தது. ஐந்து டிரம்களில் எண்ணெயில் குழைத்த சிந்தூரம் கோடாக இழுபட்டு, வெயிலில் வழிந்து காய்ந்திருந்தது. இந்த டிரம்மில் மட்டும், துடைத்த தடத்தின் மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

"நிமாய்தா, இதுக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு?" என்று அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள்.

நிமாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். பூஜைக் கமிட்டிக்கு அவன்தான் செக்ரட்டரி. "விஸ்வகர்மா பூஜையன்னிக்கு என் மச்சினன்தான் வந்து பண்ணினான், அண்ணி. முதல் நாளே எல்லா டிரம்மையும் நிரப்பி மூடியாச்சு. பூஜைக்கு மெஷினெல்லாம் நிறுத்தி, எல்லாத்துக்கும் சிந்தூர் வெச்சோம். மாடிக் கதவு அன்னிக்கு ஒரு நாள்தான் நாள் முழுக்கத் திறந்திருக்கும். எல்லாக் குடும்பமும் வந்து பட்டம் விட்டாங்க. நீங்களும்தான் வந்தீங்களே!"

"வந்தேன். பிரசாதக் கிச்சுடியில உப்பே இல்லை."

நிமாயின் முகம் சிவந்தது. "அதை மட்டும் சொல்லாதீங்க! ஒரு சின்ன மூட்டை உப்பு வாங்கி, அதோ அந்தப் படி மேல்தட்டுல அடுப்புப் பக்கத்துல வெச்சிருந்தேன். கிச்சுடி கொதிக்கும்போது பார்த்தா மூட்டையைக் காணோம். சமையல்காரன் திருடிட்டான்னு சண்டை போட்டேன். கடைசியில கடைக்கு ஓடிப்போய்க் கொஞ்சம் வாங்கிட்டு வந்து சமாளிச்சோம்."

ராஜலக்ஷ்மி மாடிப்படியைப் பார்த்தாள். மேல்தட்டிலிருந்து அந்த டிரம்முக்கு நாலு எட்டு நடந்தால் போதும். அன்று எல்லோரும் அண்ணாந்து பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணி.

கம்ப்யூட்டர் அறையில் பிரியம்வதா அழுத கண்களோடு உட்கார்ந்திருந்தாள். ராஜலக்ஷ்மி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் இதுவரை பூஜைப் பந்தலில் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"எங்காத்துக்காரர்தான் பண்ணினார்னு நினைக்கறேளா?"

"இல்லை," என்றாள் பிரியம்வதா உடனே. "அவருக்குத் தோக்கத் தெரியும், ராஜி."

இவருக்குத் தோற்கத் தெரியும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? ராஜலக்ஷ்மிக்குச் சுரீரென்றது. கஸ்டம்ஸ் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"டிரம்ல உப்பு கலந்திருக்கு. தொட்டியில கொட்டலை. எப்பக் கலந்ததுன்னு உங்க மாடல் சொல்லுமா?"

பிரியம்வதா நிமிர்ந்தாள். "டிரம்லயா? அதான்! அதான் மண்ணுல அடி வரைக்கும் உப்பு இறங்கியிருக்கு. நேத்து தோண்டிப் பார்த்தேன், எனக்குப் புரியவே இல்லை. ஞாயித்துக்கிழமை மேலாகக் கொட்டியிருந்தா திங்கட்கிழமைக்குள்ள அவ்வளவு ஆழம் போகாது."

"குழம்பு மாதிரிதானே?" என்றாள் ராஜலக்ஷ்மி. "அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டா தண்ணி வத்திப் போறது, உப்பு அங்கேயே நிக்கறது. வத்தறதேன்னு மறுபடி மறுபடி உப்புத் தண்ணியையே விட்டா கடைசியில வாயில வைக்க முடியாது."

"அதேதான்! அதேதான் ராஜி! ஒவ்வொரு நாளும் செடி தண்ணியை மட்டும் குடிக்கறது, உப்பை விட்டுடறது. நாளைக்கு நாள் சேர்ந்துண்டே வரது. இன்னும் கொஞ்சம் வெயில் அடிச்சா இன்னும் சீக்கிரம். இருங்கோ, மாடல்ல உப்புன்னு ஒண்ணைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கறேன்."

அவள் விரல்கள் தட்டெழுத்துப் பலகையில் ஓடின. திரையில் ஒரு கோடு தரையோடு தவழ்ந்து, பிறகு மெல்ல மேலே ஏறியது. ஆரம்பத் தேதியை மாற்றினாள். கோடு நகர்ந்தது. மறுபடி மாற்றினாள். கடைசியில் கோடு, அவள் மண்ணில் அளந்து வைத்திருந்த புள்ளிகள் மேல் போய் உட்கார்ந்தது. பிரியம்வதா குழந்தையாட்டம் கைதட்டினாள். அழுத கண்ணெல்லாம் எங்கே போயிற்றோ.

ராஜலக்ஷ்மியும் தன்னை மறந்து திரைக்குக் குனிந்திருந்தாள். மூன்று வருஷமாகத் தன் கணவன் எதை விட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டியிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் பொறாமை குறையவில்லை, கூடியது. இந்தச் சந்தோஷத்தில் ஒரு துளிகூடத் தன் வீட்டுப் படியேறியதில்லை.

"என்ன தேதி?" என்று கேட்டாள்.

"பதினேழை ஒட்டி. ஒரு நாள் முன்னே பின்னே. பதினேழுன்னா..."

"விஸ்வகர்மா பூஜை," என்றாள் ராஜலக்ஷ்மி.

பிற்பகல் இரண்டரை மணி. பாலிகஞ்ச்.

பிரியம்வதாவின் கணவன் கிரிதர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் என்ஜினியர். திருச்சியிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த ஜனவரியில்தான் கல்கத்தாவுக்கு வந்திருந்தான். அன்று தலைவலி என்று வீட்டில் இருந்தான். ராஜலக்ஷ்மியைப் பார்த்ததும் வரவேற்று உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

"எடுத்துக்கோங்கோ. செவ்வாய்க்கிழமை, காலம்பற கோயிலுக்குப் போயிருந்தேன். இந்த ஊர்ல நம்ம கோயில்னு ஒண்ணு இருக்கறதாலதான் பிழைச்சிண்டிருக்கேன்."

பொட்டலத்தில் குங்குமம், ஒரு சந்தன வில்லை. ராஜலக்ஷ்மி எடுத்து இட்டுக்கொண்டாள்.

"நெல்லு விஷயம் கேள்விப்பட்டேளா?"

"கேட்டேன். பாவம், பிரியா சாப்பிடவே இல்லை. ஷ்யாம் சாருக்கு வேலை போயிடுமா?"

"போனாலும் போகலாம்."

"ம்."

"பூஜையன்னிக்கு நீங்க மாடிக்கு வந்தேளே, யாராவது டிரம் பக்கம் போனதைப் பார்த்தேளா?"

"எல்லாரும் பட்டம் பார்த்துண்டிருந்தா. நான் யாரையும் பார்க்கலை."

"உங்களுக்குத் தொட்டியெல்லாம் காட்டினாளா?"

கிரிதர் லேசாகச் சிரித்தான். அதில் சிரிப்பு அதிகமில்லை. "காட்டாம? வீட்டுக்கு வந்தா வேற என்ன பேச்சு? ஆனா ஒண்ணு பாருங்கோ. ஷ்யாம் சார் தொட்டி மாடிப்படிப் பக்கத்துல, தண்ணி டிரம்மோட வசதியா இருக்கு. இவ தொட்டியைக் கோடியில தள்ளியாச்சு. இவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஷ்யாம் சொன்னா சரிம்பா."

"கஷ்டமா இருக்கா?"

"எனக்கென்ன கஷ்டம்?" என்றான் கிரிதர். பொட்டலத்தை மடித்துப் பழையபடி சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

ராஜலக்ஷ்மி விடைபெற்றுக்கொண்டாள். படியிறங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். குற்றவாளியைக் கண்டுபிடித்ததால் இல்லை. அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் வாயிலேயே இருந்த வார்த்தை.

மாலை ஐந்து மணி.

மஹாதேவன், ஷ்யாம், பிரியம்வதா, நிமாய் நாலு பேரும் மாடியில் கூடியிருந்தார்கள். மனைவியைக் கூட்டிப்போக வந்த கிரிதரையும் நிமாய் மேலே அழைத்து வந்துவிட்டான். அது ராஜலக்ஷ்மியின் ஏற்பாடு. டைரக்டரின் கையில் வெள்ளைத் தாள் இருந்தது. ஷ்யாம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"அஞ்சு நிமிஷம், சார்," என்றாள் ராஜலக்ஷ்மி. "உப்பு ஞாயித்துக்கிழமை விழலை. விஸ்வகர்மா பூஜையன்னிக்கே இந்த டிரம்ல விழுந்தாச்சு. மூட்டை நிமாய்தாவோட கிச்சுடிக்கு வாங்கினது. அடி மண்ணு வரைக்கும் உப்பு இறங்கியிருக்கறதைப் பிரியம்வதா அளந்து வெச்சிருக்கா. அவா மாடலும் அதே தேதியைத்தான் சொல்றது."

"பூஜையன்னிக்கும் ஷ்யாம் இங்கதானேம்மா இருந்தான்?"

"இருந்தார். ஆனா இதைப் பண்ணினவருக்கு இந்த டிரம் எங்க போறதுன்னு தெரியாது." அவள் டிரம்மின் மேல் கை வைத்தாள். "இது எந்தத் தொட்டி பக்கத்துல நிக்கறது?"

"ஷ்யாம் தொட்டி பக்கத்துல," என்றார் மஹாதேவன்.

"செத்தது யார் நெல்லு?"

மஹாதேவன் கோடியில் இருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சீட்டுப் போட்டுக் குழாயை மாத்தி விட்டது எங்காத்துக்காரர், பிரியம்வதா, நிமாய்தா மூணு பேருக்கும்தான் தெரியும். எங்காத்துக்காரருக்குப் பிரியம்வதா நெல்லைக் கொல்லணும்னா இதே டிரம்தான், சரி. ஆனா இதுக்குப் பக்கத்துலேயே அவர் பேர் எழுதின அட்டை இருக்கு. வெளியிலேர்ந்து வந்தவா கண்ணுக்கு இது ஷ்யாமோட டிரம். உப்பைக் கொட்டினவருக்குக் கோபம் ஷ்யாம் மேலேயா, பிரியம்வதா மேலேயா? அதை இந்தப் பொட்டு சொல்லும்."

எல்லோரும் டிரம்மைப் பார்த்தார்கள்.

"நிமாய்தா மச்சினன் வெச்சது எண்ணெயில குழைச்ச சிந்தூர். மூடியும் விளிம்பும் சேர்ற இடத்துல வெச்சது. மூடியைத் திறந்தா அது கலையும். கொட்டினவர் திறந்தார், கலைஞ்சது, துடைச்சார். அப்படியே விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா பூஜை பண்ணின சாமானை வெறும் நெத்தியோட விட அவருக்கு மனசு கேக்கலை. ஆயுத பூஜைக்கு நம்ம வீட்டுல வைக்கறாப்ல, சந்தனம் வெச்சு, மேல குங்குமம் வெச்சார். எங்காத்துக்காரர் இந்த ஊர்ல பத்து வருஷமா இருக்கார். என்ன வைக்கணும்னு அவருக்குத் தெரியும், பக்கத்துலேயே சிந்தூர்க் கிண்ணமும் இருந்தது. இது இந்த ஊர்ல முதல் விஸ்வகர்மா பூஜை பார்க்கறவரோட கை. சட்டைப் பையில கோயில் பிரசாதத்தோட வரவரோட கை."

"இரும்மா," என்றார் மஹாதேவன். "வெளியாள், நம்மவான்னு பார்த்தா, அன்னிக்கு நீயும்தான் வந்திருந்தே."

அந்தக் கேள்வி வரும் என்று ராஜலக்ஷ்மிக்குத் தெரியும். பாலிகஞ்ச்சிலிருந்து பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க அதற்கு வேறு பதில் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை.

"வந்திருந்தேன், சார். எனக்கும் தோணித்து. ஆனா எனக்கு எரிச்சல் பிரியம்வதா மேல. நான் கொட்டியிருந்தா அவ பேர் எழுதின தொட்டிக்குப் பக்கத்து டிரம்ல கொட்டியிருப்பேன். அந்தத் தண்ணி எங்க போறது? இந்தத் தொட்டிக்கு. எங்காத்துக்காரர் நெல்லுன்னா செத்திருக்கும்."

ஷ்யாம் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரியம்வதாவின் முகம் வெளுத்தது.

ராஜலக்ஷ்மி கிரிதர் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது.

"ஷ்யாம் தொட்டிக்குப் பக்கத்துலேயே தண்ணி டிரம் வசதியா இருக்குன்னு மத்தியானம் நீங்கதானே சொன்னேள், கிரிதர்?"

கிரிதர் மறுக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பொட்டலத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"ரெண்டு வருஷம் தனியா இருந்துட்டு, சண்டை போட்டு மாத்தல் வாங்கிண்டு வந்தேன்," என்றான். மனைவியைப் பார்த்துத்தான் பேசினான். "வந்தா வீட்டுல எனக்கு இடமே இல்லை, பிரியா. சாப்பிடும்போது ஷ்யாம். தூங்கும்போது வேர். அவன் பயிர் போச்சுன்னா இந்த வேலை நின்னுடும், நீ வீட்டுக்கு வருவேன்னு நினைச்சேன்."

"அது என் நெல்லு, கிரி," என்றாள் பிரியம்வதா.

"எனக்குத் தெரியாது."

"உன்னை எத்தனை தரம் உக்கார வெச்சுச் சொல்லியிருப்பேன்? சீட்டுப் போட்டோம், குழாய் மாத்தினோம்னு படம் போட்டுக் காட்டினேனே! ஒரு தரம், ஒரே ஒரு தரம் காது கொடுத்துக் கேட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கிரிதர் செத்த தொட்டிக்கு நடந்துபோய் அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். மஹாதேவன் கையிலிருந்த வெள்ளைத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. மூங்கில் கட்டிய பூஜைப் பந்தல் பாதி நடைபாதையை விழுங்கியிருந்தது. ஷ்யாமும் ராஜலக்ஷ்மியும் ஓரமாக நின்றார்கள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

"வேர் எப்படித் தண்ணி குடிக்கறதுன்னு ராத்திரி எனக்குச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "முதல்லேர்ந்து. அவ எழுதினதையும் சேர்த்து."

ஷ்யாமுக்கு நம்ப முடியவில்லை. தலையை ஆட்டினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"ராஜி, இந்த ரெண்டு நாள்ல நீ என்னை ஒரு நிமிஷமாவது சந்தேகப்பட்டியா?"

"உப்பு விஷயத்துல இல்லை," என்றாள் ராஜலக்ஷ்மி.

பஸ் வந்தது. ஷ்யாம் ஒதுங்கி அவளை முதலில் ஏறவிட்டான்.